பதினோரு வருடம் நாற்காலியில் இருந்த உடம்பு 200 கிலோமீட்டர் போகுமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: வயது 44. பதினோரு வருடமாக உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கல்லூரிக் காலத்தில் நன்றாக சைக்கிள் மிதித்த கால். ஏழு மாதம் கழித்து வரும் பிறந்தநாளன்று ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்ட ஆசை. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். முடியுமா, எப்படித் தயாராவது?

முடியும். ஏழு மாதம் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். சிரிக்கிறவர்கள் 200 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அதை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். நெடுந்தூர சைக்கிள்காரர்கள் ‘பிரெவே’ என்ற பெயரில் பல நாடுகளில் ஓட்டும் பயணங்களுக்கு விதி வகுப்பது ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பு. அவர்கள் கணக்கில் 200 கி.மீ.க்கு அனுமதி 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. அங்கே முதல் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்துவிட்டால் முடித்தவர். நீங்கள் மணிக்கு 19 கி.மீ. வேகத்தில் உருட்டினால் சக்கரம் சுழலும் நேரம் பத்தரை மணி. மீதி மூன்று மணி நேரம் சாப்பிட, காலை நீட்ட, பஞ்சர் பார்க்க. சமதளத்தில் 19 என்பது, பழகிய காலுக்கு, பக்கத்தில் வருபவரிடம் கதை பேசிக்கொண்டே போகிற வேகம்.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிவைக்கிறேன். அந்த 200 உங்கள் உடம்பை மீட்டுத் தராது. ஒரே நாளில் பத்தரை மணி நேரம் மிதிப்பதால் இதயமோ சர்க்கரையோ சீராகிவிடாது. சீராக்குவது அதற்கு முந்தைய முப்பது வாரங்களில் வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள், அன்றைய முக்கால் மணி நேரம். வானம் மூட்டமாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று மனசு சொல்லும்போது உங்களைக் கிளப்பிவிடுவதுதான் 200இன் வேலை. இதை ஒப்புக்கொண்டால் திட்டம் போடுவது எளிது. எந்தப் பயிற்சியை அடுத்த வாரமும் அலுப்பில்லாமல் திரும்பச் செய்ய முடியுமோ அது சரியான பயிற்சி. மூன்று நாள் படுக்க வைத்துவிடும் வீரதீரப் பயணம் எவ்வளவு தூரமாக இருந்தாலும் நஷ்டம்.

இழந்தது திரும்ப வருமா என்ற சந்தேகம் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் இருபது வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு உச்சகட்டமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். வயதும் தொப்பையும் சேர்ந்து முப்பது வருடத்தில் செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்திருந்ததில் வந்த சேதம்தான் அதிகம். பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், நிலைச் சைக்கிள் என்று மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். முப்பது வருடத்தில் கரைந்துபோன அந்தத் திறன் முழுக்கத் திரும்பியது. ஐந்து பேர் சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும் உங்கள் ஏழு மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எனக்குத் தெரியாது. இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டியது: அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. எனவே எடைபார்க்கும் கருவியை நம்பி மனம் உடையாதீர்கள். ஒரே மேட்டை மாதம் ஒருமுறை ஏறி, மேலே போய்ச் சேரும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அது உண்மையைச் சொல்லும்.

சைக்கிளைத் தொடும் முன் மருத்துவரிடம் ஒரு நடை போய் வாருங்கள். வயது 44, சர்க்கரை எல்லையில், பல வருடம் அசையாத உடம்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் இதயத்துக்கு டிரெட்மில் சோதனை தேவையா என்று கேட்பது நியாயமான கேள்வி. சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில வகை மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தின் நடுவே சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் நாடித்துடிப்பு ஏறாமல் பிடித்து வைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கையில் கட்டும் கடிகாரம் காட்டும் எண் பொய். ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி உதவிக்கு ஆள் அழையுங்கள். வீடுவரை ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எந்த சைக்கிள் என்று எல்லோரும் நீளமாகக் கேட்பார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சைக்கிள் போதும், உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால். மேடு ஏற எளிதான கியர் இருக்கட்டும், டயர் 28 முதல் 35 மி.மீ. அகலம் இருந்தால் கைக்கும் முதுகுக்கும் நல்லது. அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சீட் உயரம் வேறு கதை. அதில் ஒரு விரற்கடை தவறினால் முழங்கால் விலை கொடுக்கும். சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883ஆல் பெருக்கி வரும் நீளம், பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளி. பிறகு சோதனை: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் உயரம்தான். மாற்றும்போது ஐந்து மி.மீ.க்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் நினைக்கும் மெதுவைவிட மெதுவாக.

முழு வாக்கியம் ஒன்றைத் தடங்கலில்லாமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் வேண்டாம். பேச்சு இரண்டு மூன்று சொல்லாக உடைந்தால் வேகம் அதிகம். 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தைச் சொல்லுவார்கள். ஆளுக்கு ஆள் அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே போகும். பேச்சுச் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். இந்த வேகத்தில் ஓட்டும்போது தசை பெரும்பாலும் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுகின்றன, ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. 200 கி.மீ.க்கு வேண்டிய சரக்கு இவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் மெதுவின் பக்கம் நிற்கிறது. காற்றை வெட்டிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 20இலிருந்து 25க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்க வேண்டியதோ ஏறத்தாழ இரு மடங்கு. எதிர்காற்று அடிக்கும்போது பழைய வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தீர்ந்துபோகிறார்கள். எதிர்காற்றில் வேகமானியைப் பார்க்காதீர்கள். மூச்சைப் பாருங்கள்.

கல்லூரியில் நன்றாக ஓட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் எனக்குப் பயம் அங்கேதான். நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். உடம்பு மறந்துவிட்ட வேகத்தை மனசு மறக்கவில்லை. பயிற்சி ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் திரவ அளவு கூடிவிடும். ஆறாவது வாரத்தில் மூச்சு நன்றாகத் திறந்துவிடும். ‘அட, பழைய ஆள் வந்துவிட்டான்’ என்று தோன்றும். தசைநாண்களும் மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புகளும் அந்த வேகத்தில் தேறுவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். நான் ஏழாவது வாரம், தெம்பாக இருக்கிறதே என்று, வழக்கமாக 40 ஓட்டுகிறவன் ஒரேயடியாக 95 ஓட்டினேன், அதுவும் பெரிய கியரில். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஐந்து வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. அந்த 95ஐ எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இதனால் கியர் பற்றி ஒரு சொல். பெரிய கியரில் நிமிடத்துக்கு 55, 60 சுற்று என்று அழுத்தி மிதிப்பது பழைய சைக்கிள்காரர்களின் பழக்கம். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் மேல் பாரம் ஏறும். கியரைக் குறைத்து 80 சுற்று அளவில் லேசாகச் சுழற்றுங்கள். முதல் மூன்று வாரம் பொம்மை மாதிரி காலாட்டுவதாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம். முதல் மாதம் அந்த நீண்ட ஓட்டம் 20 கி.மீ.யில் ஆரம்பித்து 40க்கு வரட்டும். இரண்டாம் மாதம் 60, மூன்றாம் மாத முடிவில் 80. நான்காம் மாதம் 100ஐத் தொடுங்கள். அன்று வீட்டில் கேக் வெட்டினால்கூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு 120, 140. பயிற்சியில் 150ஐத் தாண்ட வேண்டாம். இலக்குத் தூரத்தின் முக்கால் பங்கை ஓட்டிய உடம்பு மீதியை அன்றைக்கு ஓட்டிவிடும். பயிற்சியிலேயே 200 ஓட்டிப் பார்க்கிறவர்கள் களைத்த காலோடு பிறந்தநாளுக்கு வருகிறார்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். அந்த ஓய்வு வாரத்தில்தான் முந்தைய மூன்று வார உழைப்பு உடம்பில் படிகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு, முழங்கால் அமைதியாக இருந்தால் மட்டும், வாரத்தில் ஒரு நாள் மேட்டில் நான்கைந்து நிமிடம் மூச்சு வாங்க ஏறி, இறங்கி, மறுபடி ஏறலாம். கடைசி இரண்டு வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள். கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை இருபது நிமிடம் உட்கார்ந்து எழுதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பிடித்தல், பலகை போல உடம்பை நிறுத்துதல் போன்ற பயிற்சிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது மணி நேரத்தில் இடுப்பு வலி என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, வயிற்றுத் தசையில்.

நீண்ட ஓட்டங்களைத் தூரம் ஓட்டும் பயிற்சியாக மட்டும் பார்க்காதீர்கள். சாப்பிடும் பயிற்சியும் அதுவே. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம்தான் சேமிப்பில் இருக்கும், ஏறத்தாழ 2000 கலோரிக்குள். உங்கள் 200 அதைப்போல இரு மடங்கு கேட்கும். கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மாவுச்சத்து முழுக்கத் தீர்ந்தால் கொழுப்பால் மட்டும் தாங்க முடியாது. திடீரென்று காலில் ஈயம் ஊற்றியதுபோல் ஆகும், கை நடுங்கும், காரணமில்லாமல் அழுகைகூட வரும். சைக்கிள்காரர்கள் இதை ‘சுவரில் மோதுவது’ என்பார்கள். அது வந்த பிறகு சாப்பிட்டால் தேற நெடுநேரம் ஆகும். எனவே பசிக்கும் முன் சாப்பிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் முடிந்ததிலிருந்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சி நாட்களில் கண்டுபிடியுங்கள். பிறந்தநாளன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். சர்க்கரை எல்லையில் இருப்பவர் ஓட்டத்தில் இனிப்பு சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். மிதித்துக்கொண்டிருக்கும் தசை ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இன்சுலின் தயவில்லாமலே இழுத்துக்கொள்ளும், ஆகவே ஓட்டத்தின்போது சாப்பிடுவது வேறு, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு. இருந்தாலும் இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஓட்டிவிட்டேன் என்ற தைரியத்தில் மாலையில் வளைத்துக்கட்டுவதுதான் பெரிய பொறி.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்பது தோராயம், வெயிலில் கூடும். வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. உப்பு சேர்ந்ததாக ஏதாவது இடையிடையே இருக்கட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் படுத்தும். வேண்டாம்.

யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் உட்காருமிடம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கும். உராயும் இடங்களில் களிம்பு தடவுங்கள். ஓட்டி முடித்த உடனே கால்சட்டையைக் கழற்றிக் குளித்துவிடுங்கள், ஈரத்தோடு உட்கார்ந்து கதை பேசுவதில் கொப்புளம் வரும். மெத்துமெத்தென்ற அகல சீட் முதல் பத்துக் கிலோமீட்டருக்குச் சுகம், ஐம்பதுக்கு மேல் நரகம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றி, முழங்கையைச் சற்று மடித்துவையுங்கள். மரத்தது அடுத்த நாளும் போகவில்லையென்றால் ஹேண்டிலை உயர்த்துங்கள்.

பையில் மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்பி, சிறிய பம்ப், ஒட்டுப் பட்டை, பலமுனைச் சாவி, முன் விளக்கு, பின் விளக்கு. பின்சக்கரத்து டியூபை மாற்றுவதை வீட்டிலேயே மூன்று முறை செய்து பாருங்கள். மழையில், இருட்டில், பசியில் முதல்முறையாகக் கற்றுக்கொள்வது கொடுமை.

அந்த நாளுக்கு வருவோம். விடியும் முன் கிளம்புங்கள். முதல் 50 கி.மீ. கால் பறக்கும், அப்போது பிடித்துவைப்பதுதான் அன்றைய கடினமான வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முந்தைய நாளே பார்த்து, முதல் பாதி எதிர்காற்றாகவும் திரும்பும்போது சாதகமாகவும் இருக்கும்படி பாதையை வையுங்கள். முழுத் தூரத்தையும் நினைக்காமல் 25 கி.மீ. துண்டுகளாக ஓட்டுங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஐந்து நிமிடம் நிற்கலாம். நாற்காலி போட்ட இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், ஒரே ஒரு பெரிய நிறுத்தம் போதும்.

130க்கும் 160க்கும் நடுவில் ஓர் இடம் வரும். போதும், யாருக்காக இதெல்லாம் என்று தோன்றும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது. அங்கே முடிவெடுக்காதீர்கள். இறங்கி, நிழலில் உட்கார்ந்து, இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் காத்திருங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை அது வெறும் பசி. கால் மணி கழித்தும் மூட்டில் குத்தும் வலியோ தலைசுற்றலோ இருந்தால் வீட்டுக்கு போன் போட்டு வண்டி வரச் சொல்லுங்கள். அதற்காக ஓர் ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்திருங்கள். பிறந்தநாள் அடுத்த வருடமும் வரும், முழங்கால் இரண்டுதான்.

முடித்த மறுநாள் முழு ஓய்வு வேண்டாம், இருபது நிமிடம் சும்மா உருட்டிவிட்டு வாருங்கள். அதற்கடுத்த மூன்றாவது வார விடுமுறைக்கு ஒரு 50 கி.மீ.யை இப்போதே நாட்காட்டியில் எழுதி வைத்துவிடுங்கள். பெரிய ஓட்டம் முடிந்த பிறகு சைக்கிளைத் தொடாமலே மூன்று மாதம் போய்விடுவது என்னோடு ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கிறது, முதல் தடவை எனக்கும்தான்.